மீண்டவர்களை மட்டும் எண்ணாதே

அன்பு மருமகளுக்கு,

உன் ஆய்வுத் திட்ட வரைவு கிடைத்தது. அவசரமில்லாமல் படித்தேன். உளவியல், சூழலியல், பொருளியல், சமூகவியல், பொறியியல் என்று ஐந்து துறைகளில் மீள்திறன் பற்றி எழுதப்பட்டவற்றைத் திரட்டி, எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அளவுகோலை உருவாக்கி, அதை நாகைக் கடற்கரை ஊர்களில் பொருத்திப் பார்க்கப்போகிறாய். நெறியாளரும் சம்மதித்துவிட்டார் என்கிறாய். உழைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. ஆனாலும் அந்தப் பொது அளவுகோல் என்னை உறுத்துகிறது. ஏன் என்பதைப் போனில் சொல்லி முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஹோலிங்கிடமிருந்தே தொடங்குகிறேன். கனடாவின் சூழலியலாளர் சி. எஸ். ஹோலிங் 1973இல் எழுதிய கட்டுரையை இன்று எல்லாத் துறைக்காரர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள். உன் முதல் அடிக்குறிப்பும் அதுதான். அந்தக் கட்டுரையில் ஒரு புழு வருகிறது. உன் வரைவில் அந்தப் புழுவைக் காணோம். கிழக்குக் கனடாவின் காடுகளில் ஃபர் மரங்களைத் தின்று வாழும் மொட்டுப்புழு அது. பல ஆண்டுகள் இருக்கும் இடம் தெரியாமல் இருக்கும். பிறகு திடீரென்று பெருகி, முதிர்ந்த ஃபர் மரங்களைக் காடு காடாக அழித்துவிட்டுத் தானும் அடங்கிவிடும். அழிந்த இடத்தில் ஸ்ப்ரூஸ், பிர்ச் மரங்களோடு இளம் ஃபர் கன்றுகளும் எழும்பும். புழு வராத காலத்தில் ஃபர் மரம் மற்ற இரண்டையும் நெருக்கித் தள்ளிக்கொண்டே போகும். ஆக, காட்டில் மூன்று வகை மரங்களும் தொடர்ந்து இருப்பதற்கு அந்த அழிவும் ஒரு காரணம்.

நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் 1950களிலிருந்து விமானத்தில் பறந்து பூச்சிமருந்து தெளித்தார்கள். மரங்கள் பிழைத்தன, ஆலைகளுக்கும் மரம் கிடைத்தது. ஆனால் முதிர்ந்த மரங்கள் மேலும் மேலும் பரந்து நின்றதால் புழுவுக்கான தீனியும் அதே அளவுக்குப் பரந்து நின்றது. மருந்தை நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று அஞ்ச வேண்டிய நிலை வந்தது. ஆண்டுக்கு ஆண்டு மாற்றமே இல்லாமல் அமைதியாகத் தெரிந்த காடு, முன்பைவிடப் பெரிய அழிவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. ஆட்டம் காணாமல் இருப்பது ஒன்று, ஆட்டம் கண்ட பிறகும் உள்ளுறவுகள் அறுந்துபோகாமல் இருப்பது வேறொன்று என்பதுதான் ஹோலிங்கின் வாதம். முதலாவதை வளர்க்கப் போய் இரண்டாவதைக் கெடுத்துவிடலாம் என்றும் அவர் எச்சரித்தார்.

உன் அளவுகோலின் முதல் வரி என்ன சொல்கிறது? 'பழைய நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் காலம்.' அது பாலத்துக்குப் பொருந்தும், ஏனென்றால் பாலத்தின் பழைய நிலை எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஊருக்கு அப்படிச் சொல்ல முடியுமா? சுனாமிக்கு முந்தைய இரவு, 2004 டிசம்பர் 25ஆம் தேதி, படகு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் மூன்றே ஆண்டுகளில் மறுபடியும் அதே வட்டிக்கு வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள். உன் அளவுகோல் அதற்கு நல்ல மதிப்பெண் போடும். நீ போடுவாயா?

பொருளியல் அத்தியாயத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. டொனால்ட் டேவிஸ், டேவிட் வைன்ஸ்டீன் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொண்டிருக்கிறாய். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு ஆளான ஜப்பானிய நகரங்களின் மக்கள்தொகையை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஹிரோஷிமா, நாகசாகி உட்படப் பெரும்பாலான நகரங்கள் சில பத்தாண்டுகளுக்குள் போருக்கு முந்தைய வளர்ச்சிப் போக்கை எட்டிவிட்டன என்று கண்டார்கள். நேர்மையான ஆய்வு அது. ஒரு நகரம் ஓரிடத்தில் பெரிதாக வளர்வது அந்த இடத்தின் சாதகத்தாலா, வரலாற்றுத் தற்செயலாலா என்பது அவர்கள் கேட்ட கேள்வி. அதற்கு ஒரு விடையும் கிடைத்தது. நீயோ அதை 'ஹிரோஷிமாவின் மீள்திறன்' என்று ஒற்றை வரியாக்கி, உளவியல் அத்தியாயத்தில் வரும் கவாய் தீவுக் குழந்தைகளுக்குப் பக்கத்துக் கட்டத்தில் வைத்துவிட்டாய்.

1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். மக்கள்தொகைக் கோடு மறுபடி மேலே ஏறியபோது, அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி போர்முனையிலிருந்து திரும்பியவர்கள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள், பின்னால் பிறந்தவர்கள். குண்டிலிருந்து பிழைத்த ஹிபாகுஷாக்கள், தங்களைக் கட்டிக்கொள்ளவும் வேலைக்கு வைத்துக்கொள்ளவும் மற்றவர்கள் தயங்கிய ஒரு வாழ்க்கையை அதே நகரத்தில் வாழ்ந்தார்கள். நகரம் மீண்டது உண்மை. அவர்கள் மீண்டார்களா என்பது வேறு கணக்கு. காடு நிலைக்க மரம் சாகலாம் என்று சூழலியலாளர் எழுதலாம். ஊர் நிலைக்க ஆள் சாகலாம் என்று நீ எழுதக் கூடாது. ஆனால் இரண்டு துறைகளின் எண்களையும் ஒரே அட்டவணையில் போட்டுச் சராசரி எடுத்தால், உனக்கே தெரியாமல் அதைத்தான் எழுதியிருப்பாய்.

இப்போது அந்தக் கவாய் தீவுக் குழந்தைகளைப் பற்றி. உளவியல் அத்தியாயத்தில் நீ நன்றாகவே உழைத்திருக்கிறாய், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பேசலாம். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த குழந்தைகள் 698 பேரையும் எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் இருவரும் தங்கள் குழுவினரோடு நாற்பது வயதுவரை பின்தொடர்ந்தார்கள். கரும்புத் தோட்டம், அன்னாசித் தோட்டம் என்று கூலிவேலையை நம்பியிருந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். வறுமை, பிரசவத்தில் சிக்கல், குடிக்கு அடிமையான அல்லது மனநோயுள்ள பெற்றோர், ஓயாத வீட்டுச் சண்டை போன்றவற்றில் நான்கோ அதற்கு மேலோ இரண்டு வயதுக்குள் சந்தித்த பிள்ளைகள் 201 பேர். அவர்களில் 72 பேர் தன்னம்பிக்கையும் அன்பும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படுவது இந்த எண்தான்.

உன் வரைவிலும் 72 இருக்கிறது. 129 இல்லை.

பத்து வயதிலோ பதினெட்டு வயதிலோ படிப்பில் தடுமாறியவர்கள், போலீஸ் வழக்கில் மாட்டியவர்கள், மனநலம் குன்றியவர்கள், பள்ளிப் பருவத்திலேயே தாயானவர்கள் அந்த 129 பேர். அவர்களை நீ விட்டுவிட்டாய், ஆனால் வெர்னர் விடவில்லை. முப்பது வயதைத் தாண்டியும் தேடிப் போய்ப் பார்த்தார். பதினெட்டில் கெட்டுப்போனவர்கள் என்று எழுதப்பட்டவர்களில் பெரும்பாலானோர், குறிப்பாகப் பெண்கள், நாற்பது வயதுக்குள் ஒரு நிலைக்கு வந்திருந்தார்கள். வயதுவந்தோருக்கும் கதவு திறந்திருந்த சமுதாயக் கல்லூரி, ராணுவத்தில் கற்ற ஒரு தொழில், நல்ல துணை, ஒரு தேவாலயச் சபை என்று ஏதாவது ஒன்று அவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பாக அமைந்திருந்தது. பதினெட்டோடு ஆய்வை முடித்திருந்தால் அந்த வாய்ப்புகளைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாமல் போயிருக்கும். எந்த வயதில் கணக்கை மூடுகிறோம் என்பதே யார் மீண்டவர், யார் மீளாதவர் என்று தீர்மானித்துவிடுகிறது. உன் திட்டத்தில் கணக்கை மூடும் நாள் எது என்று எங்கேயும் எழுதவில்லை. அதை எழுது.

அந்த 72 பேருக்கு என்ன இருந்தது? சிலருக்குப் பிறவிக் குணம் உதவியது. கைக்குழந்தையாக இருந்தபோதே முகம் பார்த்துச் சிரித்து, பெரியவர்களைத் தன் பக்கம் இழுத்த பிள்ளைகள் அவர்கள். வெர்னர் அதை மறைக்கவில்லை, நீயும் மறைக்காதே. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பதில் சிரிக்க ஒருவர் இருந்தார் என்பதும் அந்த ஆய்வில்தான் இருக்கிறது. பாட்டி, பெரியம்மா, மூத்த அக்கா, பள்ளி ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரோ ஒருவர் அந்தக் குழந்தையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

காலமும் முக்கியம். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வளர்ந்த அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றி கிளென் எல்டர் 1974இல் ஒரு நூல் எழுதினார். 1920ஐ ஒட்டிப் பிறந்து, மந்தம் வந்தபோது பதின்வயதில் இருந்தவர்கள் வேலைக்குப் போய்க் குடும்பத்துக்குத் தோள் கொடுத்து, பிற்பாடு நன்றாகவே வாழ்ந்தார்கள். 1928, 1929இல் பிறந்தவர்களோடு பின்னர் ஒப்பிட்டபோது, சின்ன வயதில் அடிபட்ட ஆண்பிள்ளைகளிடம் பாதிப்பு ஆழமாக இருந்தது. ஒரே மந்தம்தான், எட்டு வயது வித்தியாசம்.

எல்லாமே மீளும் என்றும் நினைத்துவிடாதே. ருமேனியாவில் 1989இல் ஆட்சி கவிழ்ந்தபின் அநாதை இல்லங்களிலிருந்து பிரிட்டிஷ் குடும்பங்கள் தத்தெடுத்த குழந்தைகளை மைக்கேல் ரட்டரின் குழு ஆராய்ந்தது. ஆறு மாதம் ஆவதற்குள் வெளியே வந்தவர்கள் ஏறத்தாழ மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் அங்கே கிடந்தவர்களில் பலருக்கு, அன்பான வீடு கிடைத்தும், சில சிரமங்கள் பெரியவர்களான பிறகும் நீங்கவில்லை. இதையும் ஒரு பக்கம் எழுது. மீளாததைப் பற்றி எழுதாத மீள்திறன் ஆய்வை நான் நம்பமாட்டேன்.

சுனாமிக்குப் பிறகு, 2005 கோடையில், நாகைக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் கணக்கெடுப்புக்குப் போன குழுவில் நானும் இருந்தேன். தார் ஷீட் அடித்த தற்காலிகக் கொட்டகைகள், வரிசை வரிசையாக. காலை பதினோரு மணிக்கே உள்ளே உட்கார முடியாது. பெண்கள் வெளியே கொட்டகை நிழலில் உட்கார்ந்திருப்பார்கள், நிழல் நகர நகர அவர்களும் பாயை இழுத்துக்கொண்டு நகர்வார்கள். மகனைக் கடலுக்குக் கொடுத்த ஓர் அம்மாவிடம், இரவில் தூக்கம் வருகிறதா என்று வினாத்தாளைப் பார்த்துக் கேட்டேன். அவர் பக்கத்தில் இருந்தவளைக் காட்டினார். "நான் தூங்குறனான்னு இவளக் கேளுங்க. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு இவதான் என்னப் பாத்துட்டுக் கெடக்குறா." அவள் உறவுக்காரி இல்லை, பழைய ஊரில் அடுத்த தெரு. அடுத்த கேள்விக்கும் அதற்கடுத்த கேள்விக்கும்கூட அவளைக் கேட்டுக்கொண்டுதான் பதில் சொன்னார். எங்கள் வினாத்தாளில் ஒரு ஆளுக்கு ஒரு தாள். அந்தப் பக்கத்துப் பெண்ணை எழுத அதில் இடமே கிடையாது. பின்னால் நிரந்தர வீடுகளைக் குலுக்கல் போட்டு ஒதுக்கியபோது, இருவருக்கும் புதுக் குடியிருப்பின் இரண்டு கோடிகளில் வீடு விழுந்தது. குலுக்கல் நியாயமானது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

இதே கதையை எனக்கு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரு புத்தகம் சொல்லியிருந்தது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ கிரீக் என்ற பள்ளத்தாக்கு. 1972 பிப்ரவரி 26 காலையில் நிலக்கரிக் கழிவைக் கொட்டித் தேக்கியிருந்த அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். அங்கிருந்த சுமார் 5,000 பேரில் 4,000 பேர் வீடிழந்தார்கள். அரசு உடனே நடமாடும் வீடுகளைக் கொண்டுவந்து இறக்கியது. யாருக்கு அவசரமோ அவருக்கு முதலில் என்று ஒதுக்கினார்கள். யார் யாருக்குப் பக்கத்தில் வாழ்ந்தார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை. சுரங்க நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டிருந்த மக்களின் வழக்கறிஞர்கள் கேட்டுக்கொண்டதால் அங்கே போன சமூகவியலாளர் கை எரிக்சன், 1976இல் அதை நூலாக எழுதினார். ஒவ்வொரு ஆளுக்கும் ஏற்பட்ட காயம் ஒன்று, அவர்களைச் சேர்த்து வைத்திருந்த உறவுப் பின்னலுக்கு ஏற்பட்ட காயம் மற்றொன்று என்று அவர் பிரித்துக் காட்டினார். இரண்டாவது காயம் ஆறாமல் முதல் காயம் ஆறுவது கடினம் என்பது அவர் முடிவு.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதை நமக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தார். போருக்கு நடுவிலேயே அங்கே மருத்துவம் பார்த்தவர் அவர். தனி ஆளின் அறிகுறிகளைப் பட்டியல் போட்டு எண்ணுவதோடு நின்றால் வடக்கில் நடந்தது விளங்காது என்று தொடர்ந்து எழுதினார். குடும்பம், ஊர், ஒருவரையொருவர் நம்பும் பழக்கம், சாவுக்குச் செய்யும் சடங்கு எல்லாமே சிதைந்ததைக் கூட்டுக் காயமாக விளக்கினார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளை நினைத்துப் பார். உடல் இல்லை, அதனால் எட்டும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை. அந்த மனைவி பொட்டு வைப்பதா வேண்டாமா என்பதையே ஊர் கேள்வியாக்குகிறது. பத்துக் கேள்விக்கு ஒன்று முதல் ஐந்துவரை வட்டம் போடச் சொன்னால் இது எந்த வட்டத்துக்குள் வரும்? சோமசுந்தரத்தின் 1998ஆம் ஆண்டு நூலையும், முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு அவர் எழுதியவற்றையும் கட்டாயம் படி. நம் மொழி பேசும் மக்களைப் பற்றிய இவ்வளவு முக்கியமான ஆய்வு உன் வரைவில் இல்லாதது எனக்கு வருத்தம்.

சரி, உறவுப் பின்னல் இருந்தால் எல்லாம் நன்மைதான் என்று எழுதிவிடலாமா? நீ அப்படித்தான் எழுதியிருக்கிறாய், டேனியல் ஆல்ட்ரிச்சை ஆதாரமாகக் காட்டி. ஆல்ட்ரிச் 2005 கோடையில் நியூ ஆர்லியன்ஸ் நகருக்குக் குடிபோனவர். சில வாரங்களில் கத்ரீனா புயல் அவருடைய வீட்டைக் கொண்டுபோயிற்று. அதன்பின் 1923 தோக்கியோ நிலநடுக்கம், 1995 கோபே நிலநடுக்கம், 2004 தமிழ்நாட்டுச் சுனாமி, கத்ரீனா ஆகிய நான்கையும் ஒப்பிட்டு 2012இல் நூலாக்கினார். சேதத்தின் அளவையும் வந்த பணத்தையும்விட மனிதர்களுக்கு இடையிலான பிணைப்பே மீட்சியை அதிகம் தீர்மானித்தது என்றார். இதுவரை நீ எழுதியிருப்பது சரி. ஆனால் அதே நூலில் நம் கடற்கரையைப் பற்றிய அத்தியாயம் இன்னொன்றையும் சொல்கிறது. ஒற்றுமையான ஊர்ப் பஞ்சாயத்துகள் தங்கள் ஆட்களுக்கு உதவியை விரைவாகக் கொண்டுவந்து சேர்த்தன. அந்த ஒற்றுமையே தலித்துகளையும் விதவைகளையும் ஊரின் பட்டியலில் இல்லாத மற்றவர்களையும் வெளியே நிறுத்தியது.

நானும் இதைக் கண்ணால் பார்த்தேன். நிவாரண லாரி வந்து நிற்கும். வரி கட்டும் தலைக்கட்டுகளின் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு பிடி அரிசிகூடக் கூடக்குறைய இல்லாமல் பங்கு பிரிப்பார்கள். அந்த நேர்மையை நான் எந்த அரசு அலுவலகத்திலும் கண்டதில்லை. ஆனால் ஐஸ் உடைத்தவர், மீன்கூடை சுமந்தவர், உப்பேறிப்போன வயலில் கூலிக்கு நின்றவர் யாரும் அந்த நோட்டில் இல்லை. அவர்கள் இழந்தது படகோ வலையோ இல்லை, வேலை. படகுக்கு நிவாரணம் இருந்தது, வேலைக்கு இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த பேரிடரில் இவர்களின் இழப்பு சிறியதாகத் தெரிந்திருக்கலாம். உன் அளவுகோலில் 'சமூகப் பிணைப்பு' என்ற கட்டத்துக்கு முழு மதிப்பெண் கிடைக்கும் ஊர் எது என்று யோசித்துப் பார். அந்த நோட்டு மிகச் சரியாக எழுதப்பட்ட ஊர்தான்.

இன்னொரு விஷயம், முறையியல் பற்றி. அலையாத்திக் காடுகள் சுனாமியைத் தடுத்தன என்று ஒரு பத்தி எழுதி, நிரூபிக்கப்பட்ட உண்மை என்று முடித்திருக்கிறாய். அதன் பின்கதை உனக்குத் தெரிய வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் அந்தக் கடற்கரையின் 18 சிற்றூர்களை ஆராய்ந்து, தாவரப் பரப்பு அதிகமுள்ள இடங்களில் உயிரிழப்பு குறைவு என்று 2005இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே கெர், பேர்ட், கேம்பெல் ஆகிய மூவர் அதே தரவை எடுத்து வேறு விதமாகக் கணக்கிட்டார்கள். ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரைமட்டம் எவ்வளவு உயரம் என்ற இரண்டையும் சேர்த்துக்கொண்டால், தாவரப் பரப்பு தனியாக விளக்குவது மிகக் கொஞ்சம்தான் என்றார்கள். காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர் இயல்பாகவே கடலிலிருந்து தள்ளித்தானே இருக்கும்? அதற்கும் மறுப்பு வந்தது. வேறு சிலர் மீண்டும் கணக்கிட்டு, காடு காத்தது உண்மையே என்றார்கள். கடலூர்க் கரையைப் பற்றித் தனியாக வந்த ஓர் ஆய்வும் மரங்கள் சேதத்தைக் குறைத்ததாகவே சொன்னது.

அலையாத்திக் காடு வேண்டும், மீனுக்கும் நண்டுக்கும் கரைக்கும் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 'மரம் காக்கும்' என்ற ஒற்றை வாக்கியம் ஆய்விதழிலிருந்து இறங்கி அரசு அலுவலகத்துக்குப் போனபோது என்ன ஆயிற்று? உயிர்க்கேடயம் என்ற பெயரில் கடற்கரை நெடுகச் சவுக்கு நட்டார்கள். மணல்மேடுகளே இயற்கையான காவல் என்று சூழலியலாளர்கள் எச்சரித்தும் அது நடந்தது. நீ எழுதும் வாக்கியமும் ஒருநாள் இப்படி இறங்கிப் போகும். அதனால் உன் விடை உனக்குப் பிடித்தமாக இருக்கும்போது, இன்னொரு காரணம் அதை விளக்கிவிடுமா என்று நீயே முதலில் தேடு. தூரத்தையும் உயரத்தையும் அளந்துவிட்டு மரத்துக்கு வா.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிறேன் என்றால், மீள்திறனைப் புகழ்ந்து எழுதப்படும் ஆய்வுகள் ஆட்சியில் இருப்பவர்களுக்கு மிகவும் வசதியானவை. எங்களை மீள்திறன் உள்ளவர்கள் என்று புகழ்வதை நிறுத்துங்கள், அப்படிப் புகழும் ஒவ்வொரு தடவையும் எங்களை இன்னும் கொஞ்சம் வதைக்கலாம் என்று ஆகிவிடுகிறது என்ற கருத்தை நியூ ஆர்லியன்ஸ் வழக்கறிஞர் ட்ரேசி வாஷிங்டன் சொன்னார். அது அந்த ஊரில் சுவரொட்டியாகவே ஒட்டப்பட்டது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது படகோடு வந்த மீனவர்களையும் கழுத்தளவு தண்ணீரில் சோறு சுமந்த இளைஞர்களையும் நாம் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியவர்கள்தான். ஆனால் அந்தக் கொண்டாட்டத்தில், ஏரிகளும் சதுப்பு நிலங்களும் எப்படி மனைகளாயின, செம்பரம்பாக்கத்திலிருந்து நீர் எப்படித் திறந்துவிடப்பட்டது என்ற கேள்விகள் பின்னால் போய்விட்டன. அந்த வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை சொன்னபோது, கேட்க ஆள் குறைந்திருந்தது.

வங்கதேசத்தைப் பார். 1970 நவம்பர் புயலில் அங்கே குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். 2007இல் வந்த சிதர் புயலும் கடுமையானதுதான், இறந்தவர்கள் 3,500க்கும் குறைவு என்கிறது அரசுக் கணக்கு. 1970இல் அந்த மக்களுக்கு மன உறுதி குறைவாகவா இருந்தது? அவர்கள் அதே மக்கள்தான். இடையில் வந்தவை தூண்களின் மேல் எழுப்பிய புயல் பாதுகாப்புக் கட்டடங்கள், முன்னெச்சரிக்கை, கொடியும் ஒலிபெருக்கியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகும் தொண்டர் படை. யாரோ திட்டம் போட்டார்கள், யாரோ பணம் ஒதுக்கினார்கள், யாரோ ஆண்டுதோறும் ஒத்திகை நடத்தினார்கள். மீள்திறனுக்கு இப்படி ஒரு விலாசம் உண்டு. அந்த விலாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் உன் வேலை என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே பொது அளவுகோலை விட்டுவிடு. ஐந்து துறைகளையும் விட வேண்டாம், அவற்றைச் சேர்த்துப் படித்ததுதான் உன் பலம். ஒவ்வொரு ஆய்விடமும் ஒரே கேள்விகளோடு போ. மீண்டது எது, ஆளா ஊரா நகரமா? எந்த நாளோடு கணக்கை மூடினார்கள்? அந்த மீட்சிக்கு விலை கொடுத்தது யார்? துறைகளின் விடைகள் ஒன்றோடொன்று மோதும் இடங்களில்தான் உன் ஆய்வேடு பிறக்கும். நெறியாளர் எண் வேண்டும் என்று கேட்டால், எண்ணையும் கொடு. எண்ணுவதற்கு நான் எதிரியில்லை. 129ஐ எண்ணியதால்தானே வெர்னர் பெரியவர்.

களத்துக்குப் போகும்போது சில காரியங்கள் செய். மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு தடவை போ. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆட்கள் கரையில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது, ஒரு குடும்பம் எதை வைத்துத் தாக்குப்பிடிக்கிறது என்பது அப்போது தெரியும். மழைக்காலத்தில் இன்னொரு தடவை போ. சுனாமி நடந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். அவர்களிடம் பேசு, எல்டர் அதைத்தான் செய்வார். இழப்பைப் பற்றி நீயாகக் கேட்காதே. அந்த ஊர்களில் எத்தனையோ பேர் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள், திரும்பி வந்து என்ன எழுதினோம் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. நீ எழுதியதைத் தமிழில் பத்துப் பக்கமாக்கி, அவர்கள் முன்னால் உட்கார்ந்து படித்துக் காட்டு. தப்பு என்று அவர்கள் சொல்லும் இடத்தைத் திருத்து. அதை ஆய்வேட்டிலேயே ஒரு பகுதியாகச் சேர்.

போனதும் ஊர்த் தலைவரைப் பார்த்து வணக்கம் சொல், அது முறை. அவர் சில வீடுகளைக் காட்டுவார், அங்கேயும் போ. ஆனால் முதல் பேட்டியை ஊரின் நோட்டில் பெயர் இல்லாத வீட்டில் எடு. ஊருக்கு வெளியே, உப்பாற்றங்கரைப் பக்கம் அந்தத் தெரு இருக்கும். அங்கே யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேள். வினாத்தாளில் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அத்தை